பவன்குமாரின் கண்கள்

கண்ணாடிக் குப்பியை மேசைமேல் ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் பழ ஈக்கள் எல்லாம் அடியில் உதிரும். உதிர்ந்த வேகத்திலேயே எழுந்து, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, விளக்கிருக்கும் திசையில் மேலே ஏறும். ஆறு வருஷமாக யதிராஜ் நாளைக்கு இருநூறு தடவையாவது இதைப் பார்த்திருப்பான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினான்காம் எண் குப்பியைத் தட்டியபோது ஈக்கள் உதிர்ந்தன, எழுந்தன, ஆனால் ஏறவில்லை. நிதானமாக நடந்து வந்து, அவன் முகம் இருந்த பக்கத்துக் கண்ணாடியில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நின்றுகொண்டன.

அவன் குப்பியைத் திருப்பி வைத்தான். அவை சுற்றி நடந்து வந்து மறுபடி அவன் பக்கம் நின்றன.

மூச்சுக் காற்றாக இருக்கும் என்று நினைத்தான். உடம்புச் சூடாக இருக்கும். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அறையின் அடுத்த மூலைக்குப் போய், வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, பத்து எண்ணிவிட்டுப் பார்த்தான். அந்த மூலைப் பக்கமாக நின்றிருந்தன.

ஜன்னல் இல்லாத அறை அது. திருப்பதியில் வெளியே நாற்பத்திரண்டு டிகிரி வெயில் அடித்தாலும் உள்ளே எப்போதும் இருபத்தைந்து. ஈக்களுக்காகக் காய்ச்சும் சோளமாவுக் கஞ்சியும் வெல்லமும் ஈஸ்டும் சேர்ந்து, கல்யாண மண்டபத்துக் கொல்லைப்புறத்தில் மறுநாள் அடிக்கும் புளிப்பு வாசனை ஒன்று அங்கே சுவரிலேயே ஊறிக் கிடக்கும். ஈக்களை மயக்கும் வாயு குழாய் வழியே சன்னமாகச் சீறிக்கொண்டிருக்கும். மேசை ஓரத்தில், வேலை முடிந்த ஈக்களைத் தட்டிவிட சோப்புத் தண்ணீர் ஊற்றிய வாய் அகன்ற பாட்டில் ஒன்று. அதற்கு அந்த ஆய்வுக்கூடத்தில் மார்ச்சுவரி என்று பெயர். இத்தனை வருஷத்தில் அந்தப் பெயருக்கு எல்லாரும் சிரித்து முடிந்து, இப்போது யாரும் சிரிப்பதில்லை.

பதினான்காம் குப்பி சாதாரணக் குப்பி இல்லை. அதிலிருந்த ஈக்களுக்குத் தலையில் கண் கிடையாது. கண் முளைக்காத வம்சமாகப் பார்த்து வளர்த்தவை. அந்த வம்சத்துக்குள், பிறக்கும்போதே கண் இல்லாமல் பிறந்த ஒரு குழந்தையின் மரபணுவை யதிராஜ் ஏற்றியிருந்தான். 'இந்த இடத்தில் கண் முளைக்கட்டும்' என்று உடம்புக்குக் கட்டளை போடுகிற மரபணு அது. எலிக்கும் மனிதனுக்கும் ஈக்கும் கிட்டத்தட்ட ஒன்றேதான். குழந்தையினுடையது பழுதானது, ஆகவே ஈயிலும் எதுவும் முளைக்காது, முளைக்கவில்லை என்று எழுதி முடித்துவிடலாம் என்பதுதான் திட்டம்.

முளைத்தது. தலையில் அல்ல. காலில். ஆறு காலிலும், மூட்டுக்கு மூட்டு, ரத்தச் சிவப்பாக, மாதுளை முத்தைக் கடுகளவுக்குச் சுருக்கியது போல. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான கட்டங்கள்.

அந்தக் கண்களுக்குப் பார்வை கிடையாது என்று யதிராஜுக்குத் தெரியும். அவற்றிலிருந்து மூளைக்கு நரம்பு போவதில்லை. முளைத்த இடத்தில் சும்மா திறந்திருக்கும், அவ்வளவுதான். வெட்டி வெட்டிப் பார்த்து அவனே உறுதி செய்திருந்தான்.

அந்தக் குருட்டு ஈக்கள்தான் இப்போது மூலையில் நின்ற அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவன் அதை நோட்டில் எழுதவில்லை. குப்பியை எடுத்து, வழக்கம்போல வாயுவைத் திறந்து, ஈக்களை வெள்ளைப் பலகைமேல் கொட்டி மயங்கவைத்தான். சுவரில் மணி பதினொன்று.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது.

"சார், நான் ரூபா பேசறேன். குடுபல்லி. பவனு அம்மா."

குப்பம் என்ற ஊரில் எட்டு மாசத்துக்கு முன் நடந்த கண் முகாமில் அவளைப் பார்த்திருந்தான். கூலி வேலைக்குப் போகிறவள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. இடுப்பில் நாலு வயசுப் பையன். இமைகள் இருந்தன, இமைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, இரண்டு குழிகள் மட்டும். ரத்தம் எடுத்துக்கொண்டு, தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த காகிதத்தில் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று யதிராஜ்தான் விரல் வைத்துக் காட்டினான். கண்ணு வருமா சார் என்று கேட்டாள். முயற்சி பண்றோம்மா என்றான். அப்போது சொல்லச் சுலபமாக இருந்தது. அதிலிருந்து மாசம் ஒருதரம் கூப்பிடுவாள். மாசம் ஒருதரம் அதையே சொல்வான்.

"சொல்லும்மா."

"இன்னா சார், வேலய ஆரம்பிச்சிட்டீங்க போல கீது. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லியே."

"என்ன வேலை?"

"பவனு பாக்கறான் சார்!" அவள் குரல் சிரிப்பில் உடைந்தது. "காலைல சோறு துன்னுக்கினு இருந்தான். தட்ட உட்டுட்டு, 'மா, சுத்தி வெள்ளையா கீது'ன்றான். அவனுக்கு வெள்ளைன்னா இன்னா தெரியும் சார்? நானே மாட்டப் பத்தி பேசக்கொள்ள ஒரு தபா வெள்ள மாடுன்னு சொல்லியிருப்பேன், அவ்ளோதான்."

யதிராஜ் கையில் எடுத்த தயிர்சாதம் கையிலேயே இருந்தது.

"எத்தனை மணிக்கும்மா?"

"பதினொண்ணு இருக்கும். யாரோ மாமா குனிஞ்சி பாக்கறாராம். ஒருத்தரு இல்லியாம் சார், நெறைய பேராம். எண்ண முடியலன்றான். அல்லாரும் ஒரே மாமாவாம்."

குழந்தைகள் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும் என்று அவன் சொல்லிப் போனை வைத்தான். கை கழுவும்போது, ஈயின் கண்ணில் எத்தனை கட்டம் உண்டோ அத்தனை முறை உலகம் தனித்தனியாக விழும் என்று முதல் வருஷ மாணவர்களுக்குத் தானே பாடம் எடுத்தது நினைவுக்கு வந்தது. சோப்பு நுரையோடு வெகுநேரம் நின்றான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஈ அறையின் கதவைத் தாழிட்டுவிட்டு அவனே ரூபாவைக் கூப்பிட்டான். பவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள், போனை வைக்காதே, நான் ஒரு பரிசோதனை பண்றேன் என்றான். அவளுக்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

பலகைமேல் ஈக்கள் கால் விரித்து மயங்கிக் கிடந்தன. மேசை இழுப்பறையில் துழாவி, எவனோ மறந்துபோன மஞ்சள் பிளாஸ்டிக் சீப்பு ஒன்றை எடுத்துப் பலகைக்கு மேலே நீட்டினான்.

"என்ன சொல்றான்?"

தூரத்தில் குழந்தையின் குரல். பிறகு ரூபா. "பல்லு பல்லா கீதாம் சார். நெறைய பல்லு."

குழாயில் வாயு சீறியது. அவன் சீப்பைக் கீழே வைத்தான். போகட்டும் என்று அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எழுந்து போய் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு வருஷப் பழக்கம் கையை இடுக்கியின் பக்கம் கொண்டுபோனது. ஊசிமுனை போன்ற இரட்டை இடுக்கி. ஓர் ஈயைப் புரட்டி, முன்காலில் இருந்த சிவப்புப் புள்ளியை மெல்லப் பிடித்து, இழுத்தான்.

போனிலிருந்து வந்த சத்தம் ஒரு குழந்தை போடுகிற சத்தம் என்று புரியவே அவனுக்குச் சில நொடிகள் ஆயின.

"சார்! சார், இருங்க சார்... பவனு! இன்னாடா ராஜா!"

யதிராஜ் இடுக்கியைக் கீழே போடவில்லை. ஒருமுறை நடந்தால் அது தற்செயல். இரண்டுமுறை நடந்தால் சந்தேகம். மூன்றாவது முறையும் நடந்தால்தான் முடிவு. அப்படித்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அப்படித்தான் அவனும் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தான். அழுகை தேம்பலாக அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தான். இரண்டாவது கண்ணைப் பிடுங்கினான். மறுபடி காத்திருந்தான். இந்தமுறை அடங்க நாலு நிமிஷம் ஆயிற்று. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்றாவதைப் பிடுங்கினான்.

"கண்ணு கண்ணுன்றான் சார்," ரூபா அழுதுகொண்டிருந்தாள். "தரைல உருள்றான். அவனுக்கு ஏது சார் கண்ணு? டாக்டராண்ட இட்டுக்கினு போவட்டா?"

"வேண்டாம்மா. ஒண்ணுமில்ல. தண்ணி குடு. சரியாயிடும்."

தன் குரல் அவ்வளவு அமைதியாக இருந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த அமைதியோடுதான், பலகையில் கிடந்த மிச்ச ஈக்களைப் பார்த்தான். மயங்கித்தான் கிடந்தன. ஒரு கால்கூட அசையவில்லை. ஆனால் அத்தனை காலிலும் அத்தனை கண்ணும் திறந்திருந்தன. இமை இல்லாத கண்கள் அவை. மூடத் தெரியாதவை.

அப்போதுதான் பயம் வந்தது. குழந்தைக்கு என்ன ஆகும் என்கிற பயம் இல்லை. தான் செய்ததை ஒரு குழந்தை பார்த்துவிட்டது என்கிற பயம். ஒன்றல்ல, ஆயிரம் யதிராஜ், ஆயிரம் இடுக்கியோடு.

சாயங்காலம் பேராசிரியை தேவசேனாவின் அறைக்குப் போனான். அவள் கணினியை விட்டுத் தலை தூக்காமலே பேசினாள்.

"யதி, பதினாலாம் நம்பரோட போட்டோஸ் பிரமாதம். சனிக்கிழமைக்குள்ள இருநூறு ஈ, காலை மட்டும் தனியா நறுக்கி ஸ்லைடு போட்டுடுங்க. மிச்ச ஸ்டாக்கை நாலு லேபுக்கு அனுப்பணும். கேட்டுண்டே இருக்காங்க."

"மேடம், அந்தப் பையன்..."

"எந்தப் பையன்?"

"சாம்பிள் குடுத்த பையன். குடுபல்லி."

"ஓ, சாம்பிளா? அந்த ஃபைல் க்ளோஸ் ஆயாச்சே." இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், முகமெல்லாம் வேர்த்திருக்கு? ஏசி ஓடலையா?"

அவன் மறுபடி ஈ அறைக்குப் போனான். பதினான்காம் எண் என்பது அந்த ஒரு குப்பி மட்டும் இல்லை. சில வாரங்களாகவே வம்சத்தைப் பெருக்கி நாற்பது குப்பிகள் அலமாரியில் அடுக்கியிருந்தன. கதவைத் திறந்ததும் மணல் சரிவது போன்ற ஒரு சத்தம். நாற்பது குப்பிகளில் ஈக்கள் நடந்து இந்தப் பக்கம் வருகிற சத்தம். பிறகு நிசப்தம்.

அலமாரிமேல் கறுப்புத் துணியைப் போர்த்தினான். முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலை செய்து பார்த்தான். முடியவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு துணியைப் பார்த்தபடி உட்கார்ந்தான். துணிக்கு அடியில், கண்ணாடியில் நகம் படுவது போல, விட்டு விட்டு, டிக். டிக். துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். தூக்கிய அந்த ஓரத்துக்கே எல்லாம் வந்து நின்றிருந்தன.

அவன் அப்பா ஸௌரிராஜன் முப்பது வருஷமாக மலைமேல் கோயிலில் கைங்கர்யம் செய்கிறவர். பெருமாளின் கண்ணை நாமத்தால் ஏன் மறைத்திருக்கிறது என்று சின்ன வயசில் யதிராஜ் கேட்டபோது, முழுசாகப் பார்த்தால் நாம தாங்கமாட்டோம்டா என்று சொல்லியிருந்தார். விஞ்ஞானம் படிக்க ஆரம்பித்தபிறகு அந்தப் பதிலைக் கேலி செய்து நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு வண்டியில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. தாங்கமாட்டோம். தாங்கமாட்டோம்.

வீட்டில் விளக்கைப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்தான். அம்மா வஸுமதி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"ஏண்டா இருட்டுல உக்காந்துண்டிருக்க? வெளக்கப் போடேன்."

"வேண்டாம்மா. கண்ணு எரியறது."

டம்ளரின் விளிம்பில் ஒரு சின்ன ஈ. உடையிலோ தலைமுடியிலோ ஒட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்திலிருந்து தினம் ஒன்றிரண்டு வருவதுதான். கைநீட்டி நசுக்கப் போனவன், காலை நடந்தது நினைவுக்கு வந்து, கையை இழுத்துக்கொண்டான். ஈ விளிம்பிலேயே நின்றது. காபி ஆறி ஆடை கட்டியது. அவன் அதைத் தொடவில்லை.

வியாழக்கிழமை காலை ரூபா கூப்பிட்டாள்.

"நேத்து உங்க ஊட்டாண்ட வந்தானாம் சார்." அவளுக்குச் சிரிப்பு. வேதனையெல்லாம் ஒரே நாளில் மறந்திருந்தது. "இருட்டுல ஒக்காந்துக்கினு இருந்தீங்களாம். ஒரு அம்மா வெளக்கு போடச் சொன்னாங்களாம். அது உங்க அம்மாவா சார்?"

அவன் சட்டைக் காலரையும் தலைமுடியையும் தடவிப் பார்த்தான்.

"நீங்க நல்லவருன்றான் சார். ஆனா கைல கத்தி மாதிரி இன்னமோ வச்சிக்கினு கீறீங்களாம். அத கீழ போடச் சொல்லு மான்றான்."

அந்த நிமிஷம் முடிவு செய்தான். ஸ்லைடு வேண்டாம், கட்டுரை வேண்டாம், பட்டம்கூட வேண்டாம். ஒரு கண் மிச்சம் இருக்கக்கூடாது.

"ரூபா, நாளைக்கு மூணு மணிக்குப் பவனைத் தூங்க வைக்கணும். முடியுமா?"

அந்தப் பக்கம் மூச்சு நின்று வந்தது. "ஆப்ரேசனா சார்? இவன் இங்க கீறப்பவே அங்கேர்ந்தே பண்ணிடுவீங்களா?"

"ஆமா."

"வலிக்குமா சார்?"

"தூங்கிட்டா தெரியாது. எழுந்து அழுதாலும் பக்கத்துலயே இரு. எங்கயும் தூக்கிண்டு போகாத."

"சரி சார். கண்ணு வந்தா மலைக்கி இட்டாந்து மொட்ட போடறேன்னு வேண்டிக்கினு கீறேன். உங்க பேர்லயும் ஒரு மொட்ட போடறேன் சார்."

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டே முக்கால். நாற்பது குப்பிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றினான். வெளிச்சம் படாமல் கறுப்புத் துணி. மற்ற ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாம் கூட்டத்தில் இருந்தார்கள். நடையில் யாரும் இல்லை. சக்கரம் கிறீச்சிட்டது. துணிக்கு அடியில் டிக், டிக்.

ஆழ்குளிர் பெட்டியில் மைனஸ் இருபது. கதவைத் திறந்ததும் வெண்புகை முகத்தில் அடித்தது. முதல் குப்பி. இரண்டாவது. ஐந்தாவது குப்பியை எடுத்தபோது துணி நழுவி விழுந்தது. மிச்ச முப்பத்தைந்தும் அவன்பக்கம் நின்றிருந்தன. அசையாமல். பழுப்பு வைக்கோல் துரும்பு போன்ற உடம்புகள். கண்ணில்லாத மொழுமொழு தலைகள். விரித்த கால்கள் முழுக்கச் சிவப்பு.

"திரும்பிக்கோ," என்றான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. "திரும்பிக்கோடா, கண்ணா."

அவை திரும்பவில்லை.

பத்து. இருபது. விரல்கள் மரத்துவிட்டன. முப்பது. கடைசிக் குப்பி. கதவை மூடினான். போனை அணைத்தான். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான்.

டிக்.

டிக். டிக்.

குளிரில் ஈ சட்டென்று சாவதில்லை. மெதுவாகத்தான். கால்கள் முதலில் மடங்கும். அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தான்.

டிக்.

நாலரை மணிக்குச் சத்தம் நின்றிருந்தது. அப்புறம் எல்லாவற்றையும் நீராவிக் கொப்பரையில் வைத்து வேகவைத்தான். நோட்டிலிருந்து பதினான்காம் எண் பக்கங்களைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டான். வீட்டுக்குப் போய்க் குளித்தான். படுத்தான். அந்த வாரத்தில் முதல்முறையாக நன்றாகத் தூங்கினான்.

சனிக்கிழமை போனைத் திறந்தபோது தவறிய அழைப்பு எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. அழுகையோ வசவோ வந்திருந்தால் தாங்கியிருப்பான். ஒன்றும் வராமல் இருந்ததுதான் தாங்கவில்லை. திங்கட்கிழமை அவனே கூப்பிட்டான்.

"நல்லா கீறான் சார்," என்றாள் ரூபா. "அன்னிக்கிதான் பயந்துட்டேன். தூங்கிக்கினு இருந்தவன் எழுந்து குளுரு குளுருன்னு ஒரே கத்து. இந்த வெய்யில்ல நாலு கம்பளி போத்தினேன். பல்லு கட்டிக்கிச்சி. கையி காலெல்லாம் இப்பிடி மடங்கிக்கிச்சி சார். அப்பறம் சாயங்காலமா ஒடம்பே நெருப்பா கொதிச்சிச்சி. பக்கத்து ஊட்டு செங்கமலம் அக்கா ஆட்டோ கூப்புடட்டான்னுச்சி. நான்தான் வேணாம், சார் ஆப்ரேசன் பண்ணிக்கினு கீறாரு, தூக்கக்கூடாதுன்னு சொன்னேன்."

"இப்ப... இப்ப எப்படி இருக்கான்?"

"பாக்கறான் சார்."

"என்ன பாக்கறான்?"

"வந்து பாருங்க சார். நீங்க வராம யாரு வருவாங்க?"

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எதைப் பார்க்கிறான், எதன் வழியாகப் பார்க்கிறான் என்று தெரியாமல் ஒரு குப்பியைக்கூட அவனால் தொட முடியவில்லை. மறுநாள் காலை சித்தூர் வழியாகக் குப்பம் போகும் பஸ் ஏறினான். பங்காருபாளையத்தில் சாலையின் இரண்டு பக்கமும் மாம்பழம் மலைமலையாகக் குவிந்திருந்தது. அழுகல் கலந்த இனிப்பு வாசனை பஸ்ஸுக்குள் ஏறி இறங்க மறுத்தது. ஜன்னல் கம்பியில் சின்ன ஈக்கள் உட்கார்ந்து வந்தன. அவன் கண்ணை மூடிக்கொண்டு பலமனேர்வரை திறக்கவில்லை. குப்பத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. குடுபல்லிக்கு அப்பால், தக்காளித் தோட்டங்களைத் தாண்டி, அரசாங்கம் கட்டிக்கொடுத்த காலனி வீடுகள் ஒரே அச்சில் வரிசையாக நின்றன. பிற்பகல் இரண்டு மணி. தெருவில் நாய்கூட இல்லை.

ரூபா வாசலுக்கே வந்துவிட்டாள். மெலிந்திருந்தாள். முகம் மட்டும் பளபளவென்று இருந்தது.

"வாங்க சார், வாங்க. பஸ்ல எடம் கெடச்சிதா? உள்ள வாங்க. பவனு, யாரு வந்துகீறாங்க பாரு!"

வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மண்ணெண்ணெய், ஈரத்துணி, கனிந்த பழம் வாசனை. மெல்லிய ரீங்காரம் ஒன்று, ஃபேனா என்று பார்த்தான், ஃபேன் நின்றிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். அந்தப் பக்கச் சுவரைப் பார்த்தபடி ஒரு பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முதுகு தெரிந்தது. ஒல்லிக் கழுத்து.

"வெயிலு சார். மோரு கொண்டாறேன்," என்று ரூபா உள்ளே போனாள்.

பையன் எழுந்தான். தடவவில்லை. கையை முன்னால் நீட்டவில்லை. தரையில் கிடந்த கூடையைச் சுற்றி, செம்பைத் தாண்டி, நேராக நடந்து வந்தான். ஜன்னலிலிருந்து விழுந்த வெயில் பட்டைக்குள் அவன் முகம் வந்தது.

இரண்டு குழியிலும் அம்மா மை அப்பியிருக்கிறாள் என்று யதிராஜ் நினைத்தான். நிறைய மை. கண்ணேறு படாமல் இருக்க.

மை அசைந்தது.

ஈக்கள். இமையை விலக்கி, குழி நிறைய, இடைவெளி இல்லாமல் நெருக்கிக்கொண்டு. பழத்தில் மொய்க்கிற சின்ன ஈக்கள்தான். எல்லாம் வயிறு உள்ளேயும் கால் வெளியேயுமாக. அந்தக் கால்களில் மூட்டுக்கு மூட்டு சிவப்பு.

எழ நினைத்தான். அதற்குள் பையன் அவன் மடியில் ஏறி உட்கார்ந்தான். எடையே இல்லை. இரண்டு சின்ன உள்ளங்கைகளால் அவன் கன்னங்களைப் பிடித்துக்கொண்டான். ஐஸ் போலக் குளிர்ந்த கைகள்.

"இந்த மாமாதான் மா," என்றான் பவன்குமார் சந்தோஷமாக. "இப்போ ஒரே மாமாதான் கீறாரு."

ரூபா மோரோடு வந்து நின்றாள். பார்த்தாள். அவள் முகம் மாறவில்லை.

"வெரட்டக்கூடாது சார். வெரட்டுனா இருட்டாயிடுச்சின்னு அழுவறான். நான் உட்டுட்டேன்."

பையன் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தான். மூக்கும் மூக்கும் தொட்டன. இடது குழியின் ஓரத்திலிருந்து ஓர் ஈ இறங்கியது. பையனின் கன்னத்திலிருந்து யதிராஜின் கன்னத்துக்குக் கால் வைத்தது. ஆறு கால். நிதானமாக மேலே ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. முதல் ஈ கீழிமையின் மயிரைத் தொட்டு நின்றது.

யதிராஜ் கண்ணை இறுக்கி மூடப் போனான்.

"மூடாதீங்க சார்," ரூபா பதறினாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, பச்சைக் குழந்தைக்கு மருந்து விடுகிற பக்குவத்தோடு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அவன் இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நிமிசம் சார். கொழந்த உள்ள பாக்கணும்ன்றான்."